கன்னடம் கற்கும் திட்டம் ஏன் மார்ச்சில் நின்றுவிடுகிறது?

பெங்களூருக்கு வந்த தமிழர்கள் பலர் ஜனவரியில் எடுக்கும் முடிவுதான் இது. "கன்னடம் கத்துக்கணும்" என்பது வெறும் ஆசை. எங்கே முடிகிறது என்று அதில் இல்லை. "60 நாளில் மெட்ரோ பலகையைக் கன்னடத்தில் படிப்பேன்" என்று எழுதுங்கள்.

மொத்தம் 49 எழுத்து. நாளுக்கு இரண்டு என்றால் 25 நாள். ஆனால் நம்மவர்கள் சறுக்குவது அங்கே இல்லை. தமிழின் ஒரே 'க'வுக்கு அங்கே நான்கு எழுத்து; போதாததற்கு, நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அடுத்த மெய் கீழே ஒத்தெழுத்தாகத் தொங்கும். ஹலசூரு பலகை சுலபம். அடுத்த ஸ்டேஷன் டிரினிட்டியில் 'ட'வுக்கடியில் ரகர ஒத்து வந்து மிரட்டும். மீதி 35 நாளை இதற்கே ஒதுக்குங்கள்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாதீர்கள், டிராஃபிக் விடாது. "மெட்ரோவில் ஏறியதும் நோட்டை எடுப்பேன்" என ஒரு செயலோடு கட்டுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறை இதுதான்.

ஒருநாள் தவறினால் மறுநாள் நான்கு எழுத்து வேண்டாம்; இரண்டே போதும். பாக்கி சேர்ந்தால் நோட்டைத் திறக்கவே கை வராது.