யோசனை சொல்லட்டுமா, சும்மா கேட்கட்டுமா?

கேள்வி: அலுவலகத்தில் நடந்ததை மனைவி சொல்லும்போது, உடனே ஒரு வழி சொல்கிறேன். "நான் சொல்றதை நீங்க கேக்கறதே இல்லை" என்று கோபித்துக்கொள்கிறார். கேட்காமலா வழி சொல்கிறேன்?

கேட்டிருப்பீர்கள். கேட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 200 மில்லிவிநாடிதான் இடைவெளி என்று, 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரு பதிலை மனதில் கோர்க்க அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். ஆக, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பதில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. எல்லோருக்கும் இப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய கடைசி வார்த்தைகள் காதில் விழாமல் போகலாம். மனதில் இருப்பது பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும்.

"நான் போட்ட கணக்கை மீட்டிங்ல ஒருத்தர் தன்னோடதுன்னு சொல்லிட்டார்" என்கிறார். "மேனேஜருக்கு ஒரு மெயில் போடு" என்றால் பேச்சு அங்கேயே செத்துவிடும். இரண்டு விநாடி பொறுங்கள். பிறகு அவர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி: "எல்லார் முன்னாடியுமா?" அவர் தொடர்வார். அடுத்து, உங்களுக்குப் புரிந்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்: "ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு, அதான் மனசு ஆறலை, இல்லையா?" தவறாக ஊகித்திருந்தால் அவரே திருத்துவார். அதுவும் லாபம்தான். கடைசியில், "யோசனை சொல்லட்டுமா, சும்மா கேட்கட்டுமா?"

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-லேயே இந்த வகைக் கேட்டலை விளக்கி எழுதிவிட்டார்கள். இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. அவர் சொன்னதையே கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னால் எரிச்சல்தான் வரும். "எனக்கும் ஒருதடவை இப்படித்தான்..." என்று ஆரம்பித்தால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். கைபேசியைக் கவிழ்த்து வைத்தால் போதாது, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: என் குழுவில் ஒருவர் அறிக்கைகளைத் தாமதமாகவே தருகிறார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

கொஞ்சம் நோகத்தான் செய்யும். அவமானமாக மட்டும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக, நடந்த ஓரிரு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். "எப்பவும்", "பொறுப்பே இல்லை" ஆகிய இரண்டும் வாயில் வரக்கூடாது. "எப்பவும்" என்றதுமே அவர் நேரத்தோடு கொடுத்த நாளைத் தேடிப் பிடிப்பார், வாதம் அங்கே போய்விடும். எப்போது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது என்ற மூன்றையும் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வரவேண்டிய அறிக்கை 3 மணிக்கு வந்தது. வாடிக்கையாளர்கிட்ட பழைய எண்களைத்தான் காட்ட முடிஞ்சது. என்ன ஆச்சு?"

கேட்டபின் வாயைத் திறக்காதீர்கள். அந்த அமைதி சங்கடமாக இருக்கும். அதைத் தாங்க முடியாமல் பலர் தாங்களே ஒரு காரணம் சொல்லி, அவர் தலையாட்ட வழி செய்துவிடுகிறார்கள். உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம்: அவருக்கு வரவேண்டிய விவரமே தாமதமாக வந்திருக்கலாம். பேசி முடிக்கும்போது யார், எதை, எத்தனை மணிக்குள் என்பது இருவர் வாயாலும் வந்துவிட வேண்டும்.

பாராட்டு, குறை, பாராட்டு என்று அடுக்கிச் சொல்லும் பழக்கத்தை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். நாளடைவில் நீங்கள் பாராட்டத் தொடங்கினாலே அவருக்குப் பயம் வந்துவிடும். பாராட்டைத் தனியாக, இதே மூன்று விவரங்களோடு சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணனும் நானும் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது.

தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வதை உள்வாங்குவதே கடினம் என்கிறார். உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அண்ணன் தம்பிக்கும் உடல் ஒன்றுதானே! குரல் உயரும்போதே, "அண்ணா, இப்ப என்னால சரியா பேச முடியலை. அரைமணி நேரத்துல வர்றேன்" என்று நேரம் சொல்லி எழுந்திருங்கள். நேரம் சொல்லாமல் போனால் அது கோபித்துக்கொண்டு போனதாகிவிடும். அந்த அரைமணியில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசித்தால் துடிப்பு இறங்காது. நடந்துவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்தில் திரும்பிப் போய் உட்காருங்கள்.

கேள்வி: நான் விளையாட்டாக அனுப்பும் செய்திகளைத் தோழி தவறாக எடுத்துக்கொள்கிறாள்.

எழுதும்போது உங்கள் குரல் உங்கள் காதில் ஒலிக்கிறது, அவளுக்கு ஒலிப்பதில்லை. மின்னஞ்சலில் கேலியையும் நிஜத்தையும் பிரித்தறிவது பற்றி 2005-ல் வெளியான ஆய்வில், 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 சதவீதம்தான், ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்த்த கணக்கு. கேலியை நேரிலோ குரல் பதிவிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மனம் கோணியிருந்தால் இன்னொரு செய்தி அனுப்பி விளக்க வேண்டாம், கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.