தரிசனம் கண்டவர் ஒருவர், நிச்சயித்தவர்கள் பலர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறேன். வட இந்தியாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு வரும்படி கேட்கிறார்கள். எங்கள் சபைக் கூட்டத்திற்கு வந்த ஊழியர் ஒருவர், ‘வடக்கே போ என்று கர்த்தர் சொல்லுகிறார்’ என்று என்னிடம் தீர்க்கதரிசனம் உரைத்தார். அப்பாவோ வேண்டவே வேண்டாம் என்கிறார். கிதியோனைப் போல நானும் ஓர் அடையாளம் கேட்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இஸ்ரவேலை மீட்கக் கர்த்தர் அழைத்த கிதியோன், ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்து, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டான். ஆனால் தோலை விரித்துப் போடுவதற்கு முன்பே கர்த்தர் அவனிடம் பேசிவிட்டார். ‘தேவரீர் சொன்னபடி’ என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அடையாளம் கேட்டது அவனுடைய பயம். தேவன் அந்தப் பயத்தைப் பொறுத்துக்கொண்டார் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் அதை நாம் பின்பற்றவேண்டிய வழிமுறையாக நான் எண்ணவில்லை.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். அப்போஸ்தலன் பவுலும் கூட இருந்தவர்களும் ஊழியப் பயணத்தில் இருக்கிறார்கள். ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம் அது) வசனம் சொல்லத் தடை. பக்கத்து நாடான பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கும் தடை. எங்கே போவது என்று தெரியாமலே துரோவா என்ற கடற்கரைப் பட்டணம் வரை நடந்துவிட்டார்கள். அங்கேதான் இரவில், ‘மக்கெதோனியாவுக்கு வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்’ என்று ஒருவன் வேண்டிக்கொள்வதாகப் பவுல் தரிசனம் காண்கிறார். தரிசனம் கண்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த வசனமோ, கர்த்தர் எங்களை அழைத்திருக்கிறார் என்று ‘நாங்கள் நிச்சயித்துக்கொண்டு’ என்கிறது. பவுல் கண்டதைக் கூட இருந்தவர்கள் சேர்ந்து எடைபோட்டிருக்கிறார்கள். பவுலுக்கே அது தேவைப்பட்டதென்றால், உங்களிடம் உரைக்கப்பட்ட வார்த்தையை நீங்கள் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. ‘கர்த்தர் சொன்னார்’ என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் அடுத்த ஊர்க் கூட்டத்திற்குப் போய்விடுகிறார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

நீங்கள் நர்ஸ் என்பதால் ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் மகளாக 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரியாக மாட்டேன் என்பதில் பிடிவாதமாக இருந்த பெண். நோயுற்ற தாயைக் கவனிக்கத்தான் திண்டிவனத்துக்கு வந்தார். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக, மூன்று கணவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மூவருடைய மனைவியருக்கும் பிரசவ வேதனை. ‘என் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்’ என்றார் ஐடா. வேற்று ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவுக்குப் பின்தான் அவர் டாக்டராவதென்று தீர்மானித்தார். அப்போது அவர் கையில் மருத்துவம் எதுவும் இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய், படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களில் தந்தையையும் இழந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். வேலூரில் இன்று இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அதிலிருந்து வளர்ந்ததுதான். திண்டிவனத்து வாசலில் நின்ற பெண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்’ என்று சங்கீதக்காரன் பாடினானே, அந்தத் தீபம் கையில் பிடிக்கிற எண்ணெய் விளக்கு. அடுத்த அடி வைக்கும் இடம் அதில் தெரியும். ஊர் எல்லை தெரியாது.

உங்கள் அப்பாவின் எதிர்ப்பைச் சாத்தானின் தடை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி அவசரப்பட்டு முத்திரை குத்தாதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டீர்களா? மொழியா, பாதுகாப்பா, உங்கள் திருமணமா? அந்த மருத்துவமனையில் எத்தனை கட்டில்கள், இரவுப் பணியில் எத்தனை நர்ஸ்கள், உங்களுக்குத் தங்குமிடம் எது என்று நீங்களாவது எழுதிக் கேட்டீர்களா? ஜெபியுங்கள், உபவாசியுங்கள். கூடவே இதையும் விசாரியுங்கள்.

வேலையை இப்போது விடவேண்டாம். விடுப்பு எடுத்துப் பத்து நாள் போய்ப் பாருங்கள். போகும்போது அப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். அந்த வார்டில் உங்களோடு அவரும் ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். திரும்பி வந்ததும் உங்கள் போதகரையும் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அக்கா