ஏரிக்கரையில் இரண்டு இரவு: எதற்குச் செலவழிக்கலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, கலிஃபோர்னியாவின் கிழக்கு சியரா மலைப்பக்கம், இன்யோ தேசிய வனத்தில் இருக்கும் ஜூன் லேக் ஏரிக்குக் கூடாரம் போடப் போகிறவர்களிடமிருந்து வந்தவை. அதனால் பதில்களையும் பெரும்பாலும் அந்த இடத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். குழந்தைகளுக்கு 6 வயது, 9 வயது. ஜூலை மாதம் ஜூன் லேக்கில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். இதுதான் முதல் தடவை. கையில் 500 டாலர் ஒதுக்கியிருக்கிறோம். 'நான்கு பேர் டென்ட்' ஒன்று தள்ளுபடி போக 280 டாலருக்குக் கிடைக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் '30 டிகிரி' என்று போட்டிருக்கிறது. விருந்தாளிகளுக்காக வாங்கிய காற்று மெத்தை வீட்டில் இருக்கிறது. இவ்வளவும் போதுமா?
– சன்னிவேல் வாசகி

பதில்: டென்ட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் போகப்போவது, இரவில் உங்களுக்குக் குறைவாகவே உதவப்போகும் பொருளுக்கு. டென்ட் மழையையும் காற்றையும் கொசுவையும் தடுக்கும். குளிரைத் தடுப்பது உங்களுக்குக் கீழே விரிப்பதும் மேலே மூடுவதும்தான்.

ஜூன் லேக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,600 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலைப் பகலில் குழந்தைகள் தண்ணீரில் ஆடும் அளவுக்கு வெயில் அடிக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் சட்டென்று குளிரும். விடியற்காலையில் 40-களில், அதாவது ஃபாரன்ஹீட்டில், நிற்பது அங்கே சாதாரணம். சன்னிவேல் வீட்டில் இருந்துகொண்டு அந்தக் குளிரைக் கற்பனை செய்வது கஷ்டம். நாங்கள் முதல் தடவை போனபோது நல்ல டென்ட்டாகப் பார்த்து வாங்கி, வீட்டுக் காற்று மெத்தையைத்தான் விரித்தோம். நடுராத்திரி மூன்று மணிக்கு என் மகள் பல் கிட்டிப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மீதி இரவைக் காருக்குள் கழித்தோம். அந்த இரவுக்கு அப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

தடிமனான காற்று மெத்தைக்குள் பஞ்சோ வேறு எதுவுமோ கிடையாது, வெறும் காற்றுதான். அந்தக் காற்று உள்ளேயே சுழன்று, உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். முகாமுக்கென்று விற்கும் 'மேட்' என்ற படுக்கை விரிப்பில் 'ஆர் வேல்யூ' என்று ஓர் எண் போட்டிருக்கும். தரைக்குச் சூடு இறங்காமல் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. எஃப்3340 என்ற அமெரிக்கத் தர அளவுகோல் 2018-ல் வந்தபிறகு பல பெரிய கம்பெனிகள் ஒரே முறையில் சோதித்து அந்த எண்ணைப் போடுகிறார்கள். அதனால் கடையிலேயே இரண்டு மேட்டை ஒப்பிடலாம். உங்கள் பயணத்துக்கு 3-க்கு மேல் இருந்தால் நிம்மதி. காசு இடிக்கிறதென்றால் மடக்கும் ஃபோம் மேட் வாங்கி, காற்று மெத்தையின் மேல் விரியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று போடும்போது இந்த எண்கள் கூடும் என்பது இதில் உள்ள வசதி.

அடுத்து அந்த '30 டிகிரி', இதுவும் ஃபாரன்ஹீட்தான். ஸ்லீப்பிங் பையின் வெளியே பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பாமல், தையல் ஓரத்தில் இருக்கும் சின்ன லேபிளைத் தேடுங்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பையில் 'கம்ஃபர்ட்', 'லோவர் லிமிட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, குளிர் தாங்கும் ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவழியாக இரவைத் தள்ளக்கூடிய வெப்பநிலை. வெளியே பெரிதாகப் போடுவது பல நேரம் இந்த இரண்டாவது எண்தான். '30 டிகிரி' பைக்குக் கம்ஃபர்ட் 40 என்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. உங்களுக்கும் கணவருக்கும் கம்ஃபர்ட் எண் 30-ஐ ஒட்டி இருப்பதாகப் பாருங்கள். குழந்தைகள் பைக்கு இந்த ஐஎஸ்ஓ சோதனையே பொருந்தாது. அதில் போட்டிருப்பது கம்பெனி தன் பொறுப்பில் சொல்லும் எண். அவர்களுக்கு ஒரு கம்பளியும் குல்லாவும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

டென்ட்டுக்கு வருவோம். 'நான்கு பேர்' என்றால் நான்கு மேட் தோளோடு தோள் ஒட்டி விரிக்கலாம் என்பதுதான் கணக்கு. பெட்டி, பை, செருப்பு வைக்க இடமிருக்காது. நான்கு பேருக்கு ஆறு பேர் டென்ட்தான் சரி. முதல் பயணத்துக்கு நண்பர்களிடம் இரவல் கேளுங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். ஆர்இஐ போன்ற முகாம் சாமான் கடைகளின் சில கிளைகள் வாடகைக்குத் தருகின்றன. அங்கே உறுப்பினர்கள் வாங்கிய பொருளை ஒரு வருஷத்துக்குள் திருப்பித் தரலாம் என்பதால், மேட்டையும் பையையும் அந்த மாதிரிக் கடையில் வாங்கி, பயணத்துக்கு முன் வீட்டுப் பின்கட்டில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். டென்ட் வாங்குவதைப் பற்றி, குழந்தைகளுக்கு இது பிடித்திருக்கிறதா என்று தெரிந்தபிறகு யோசிக்கலாம்.

கேள்வி: போன வருஷம் டாஹோ பக்கம் ஃபாலன் லீஃப் முகாமில் இடம் பிடித்தோம். பெயரிலேயே ஏரி இருக்கிறதே என்று நம்பிப் போனால், எங்கள் இடத்திலிருந்து மரங்கள்தான் தெரிந்தன. இதை ஏமாற்று வேலை என்று புகார் செய்யலாமா?
– ஃப்ரீமான்ட் வாசகர்

பதில்: புகார் நிற்காது. ஃபாலன் லீஃப் முகாம் மரங்களுக்கு நடுவே இருக்கிறது, ஏரிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். பதிவுப் பக்கத்தில் உள்ள வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது தெரிந்திருக்கும். பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், வரைபடத்தைப் பார்த்துக் கட்டுங்கள். ஏரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் ஜூன் லேக்கில் 'ஓ ரிட்ஜ்' முகாம் நல்லது. மேட்டு நிலத்திலிருந்து ஏரியைப் பார்க்கும்படி அமைந்தது, பக்கத்திலேயே குளிக்கும் கரையும் உண்டு. ஆனால் நிழல் குறைவு, பிற்பகல் காற்று டென்ட்டைப் போட்டு உலுக்கும். நீளமான ஆணிகள் கொண்டுபோங்கள். நிழல்தான் முக்கியம் என்பவர்களுக்கு அதே ஏரியில் ஆஸ்பென் மரங்களுக்கு இடையே இருக்கும் சிறிய ஜூன் லேக் முகாம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

கேள்வி: ஜூலை முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் நிரம்பிவிட்டது. எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் தன் பதிவை 150 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் 'ஜெல்' (Zelle) மூலம் அனுப்பச் சொல்கிறார். வாங்கலாமா?
– சான் ரமோன் வாசகர்

பதில்: வேண்டாம். தேசிய வன முகாம்களுக்கு இடம் பிடிக்கும் அரசுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் செய்யும் பதிவு ஒருவர் பெயரில் இருக்கும், அதை விற்க அனுமதி இல்லை. முகாம் பொறுப்பாளர் அடையாள அட்டை கேட்டால் உங்கள் குடும்பம் வாசலில் நிற்கும். அதைவிடக் கவலை, ஜெல்லில் நீங்களே அனுப்பிய பணம் கையில் கொடுத்த ரொக்கம் மாதிரி, திரும்பப் பெறுவது மிகக் கடினம். கிரெடிட் கார்டு என்றால், கட்டணம் வந்த பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்க 1974-ம் வருஷச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. கார்டு வேண்டாம், ஜெல்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் ஊர்க்காரர், தமிழர் என்பதெல்லாம் இதில் பாதுகாப்பு ஆகாது. தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் ஏமாந்தவர்களின் கடிதங்கள்தான் படிக்க அதிகம் வலிக்கின்றன.

இடம் கிடைக்க வேறு வழி இருக்கிறது. பல முகாம்களில் வருகை நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு, கலிஃபோர்னியா நேரப்படி காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். அது தவறிவிட்டதென்றால், அந்தத் தளத்திலேயே காலியானால் தெரிவிக்கும்படி அறிவிப்பு வைத்துக்கொள்ளலாம். முக்கியமான நேரம், வருகைக்கு மூன்று, இரண்டு நாள் முன்பு. அதற்குமேல் போனால் ரத்துச் செய்பவர்களுக்கு அபராதம் கூடிவிடும் என்பதால் பலர் அப்போதுதான் இடத்தை விடுகிறார்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை போக முடிந்தால் இன்னும் சுலபம்.

கேள்வி: காட்டுத்தீப் புகை அதிகம் என்று கிளம்புவதற்கு முதல் நாள் ரத்துச் செய்தோம். ஓர் இரவுக் கட்டணத்தையும் கூடவே 10 டாலரையும் பிடித்துக்கொண்டார்கள். புகைக்கு நாங்களா பொறுப்பு?
– டப்ளின் வாசகி

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அவர்கள் பிடித்தது விதிப்படி. முகாம் திறந்திருக்கும்வரை புகை, மழை, குளிர் எதுவுமே சாதாரண ரத்தாகத்தான் கணக்காகும். வருகைக்கு முந்தைய நாள் பிறப்பதற்குள் ரத்துச் செய்தால் 10 டாலர் மட்டும் போகும். அந்த முந்தைய நாள் பிறந்துவிட்டால் 10 டாலரோடு முதல் இரவுக் கட்டணமும் போகும். சொல்லாமலே இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும். பதிவின்போது கட்டிய 8 டாலர் எப்படியும் திரும்பாது. நீங்கள் சில மணி நேரம் முந்தியிருந்தால் ஓர் இரவுக் காசு மிஞ்சியிருக்கும்.

வனத்துறையே மூடினால் கதை வேறு. அப்போது பதிவுக் கட்டணம் உட்பட எல்லாம் திரும்பி வரும். 2020, 2021 செப்டம்பர் மாதங்களில் தீ ஆபத்துக்காகக் கலிஃபோர்னியாவின் தேசிய வனங்களை மூடியது பலருக்கு நினைவிருக்கும். இனிமேல் ஆகஸ்டு, செப்டம்பர் பயணம் என்றால், மூன்று நாள் முன்பு ஏர்நவ் புகை வரைபடத்தைப் பார்த்து அன்றைக்கே முடிவெடுங்கள். சின்னக் குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரத்துச் செய்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. என்னிடம் தேசியப் பூங்காக்களுக்கான 80 டாலர் ஆண்டு பாஸ் இருக்கிறது. அவருக்குத் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?
– மில்பிடாஸ் வாசகர்

பதில்: கண்டிப்பாக வாங்குங்கள். உங்கள் ஆண்டு பாஸ் நுழைவுக் கட்டணத்துக்கு உதவும், முகாம் கட்டணத்தில் ஒரு சென்ட் கூடக் குறைக்காது. 62 வயதான குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இருக்கும் சீனியர் பாஸ் வாழ்நாள் முழுதுக்கும் 80 டாலர்தான். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றால் 20. பல முகாம்களில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம். பதிவு செய்யும்போதே பாஸ் எண்ணைப் போட வேண்டும், அப்பா உங்களோடு அந்த இடத்தில் தங்கவும் வேண்டும். டியோகா கணவாய் வழியாகக் காரில் போனால் யோசெமிட்டியை வெறுமனே கடக்கவே 35 டாலர் வாங்குவார்கள். உங்கள் ஆண்டு பாஸையோ, காரில் இருக்கும் அப்பாவின் பாஸையோ காட்டினால் அதுவும் மிச்சம். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்தப் பாஸ் கிடையாது.

கேள்வி: சாதம், சாம்பார் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். குக்கர் எடுத்துப் போகலாமா? எந்த அடுப்பு வாங்குவது? ராத்திரி சாமான்களைக் காரில் வைத்துப் பூட்டிவிடலாமா?
– கூப்பர்டினோ வாசகி

பதில்: குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள். 7,600 அடியில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது என்பதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாதோ என்று தோன்றும். கேஸும் வீண். வழக்கத்தைவிட ஓரிரண்டு விசில் கூடுதலாக விட்டால் சரியாக வந்துவிடும்.

அடுப்பில், ஆசியக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பியூட்டேன் அடுப்பு வேண்டாம். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வாயுவாக மாறவே மறுக்கும். மலையில் குளிர்ந்த காலையில் காபிக்குப் பற்றவைத்தால் சுடர் நோஞ்சானாக இருக்கும். பிரோபேனில் ஓடும் இரட்டை அடுப்பு வாங்குங்கள், குக்கரின் கனத்தைத் தாங்கும் கம்பி இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். ஒரு பவுண்டு பச்சை சிலிண்டர்களைக் குவிக்காதீர்கள். தூக்கிப்போடும் வகையைக் கலிஃபோர்னியாவில் 2028 ஜனவரி முதல் விற்கவே முடியாது. மறுபடி நிரப்பும் சிலிண்டர் இப்போதே கிடைக்கிறது.

காரில் வைத்துப் பூட்டுவது கூடாது. இது கரடிகள் நடமாடும் பகுதி, கார்க் கதவை உரித்தெடுக்கத் தெரிந்த கரடிகள். முகாமில் இரும்பு லாக்கர் இருக்கும். சாம்பார்ப்பொடி, ஊறுகாய் மட்டுமல்ல, பேஸ்ட், தேங்காயெண்ணெய், பால்பவுடர், காலியான ஐஸ்பெட்டி வரை வாசனை உள்ள எல்லாம் அதற்குள் போக வேண்டும். எனவே புது ஐஸ்பெட்டி வாங்குமுன் பதிவுப் பக்கத்தில் லாக்கர் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழையாத பெரிய பெட்டி வாங்கினால் முழுச் செலவும் வீண்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதில் ஒளிந்து போய்ப் புதுக் காட்டில் பரவும். ஏரிப்பக்கமே வாங்குங்கள், அதுவும் அன்றைக்கு நெருப்பு மூட்டத் தடை இல்லை என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்தபிறகு.

கடைசியாக, கரி. இரவு குளிருக்குத் தணல் இருக்கும் அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேறு இரண்டு கடிதங்களில் கேட்டிருக்கிறார்கள். வைக்கவே கூடாது. கரியோ கேஸோ, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு கரி மூட்டையிலும், வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எரிக்காதே என்று அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். மூட்டையைத் திருப்பி அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு.