எம்.பி. மூலம் வெளியுறவு அமைச்சரிடம் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

வாசகர் கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கிறோம். என் அண்ணி இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். அவருடைய தம்பி 2009 மே மாதம் முல்லைத்தீவில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. இலங்கைத் தமிழர்கள் பற்றி எம்.பி.க்கள் கேட்டதற்கு வெளியுறவு அமைச்சர் பதில் சொன்னதை டிவியில் பார்த்தோம். காணாமல் போனவர்களைப் பற்றியும் கேட்க வைக்க முடியுமா? சேலம் எம்.பி.யிடம் மனு கொடுக்க வேண்டுமா, எங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுத்தாலே போதுமா?

பதில்: சேலத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருக்கிறதே தவிர, சேலம் மக்களவைத் தொகுதியில் இல்லை. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகின்றன. மேட்டூர் தருமபுரியோடு போகிறது, சங்ககிரி நாமக்கல்லோடு. மலையை விட்டு இறங்கினால் சேலம்தான், ஆனால் உங்கள் எம்.பி. கள்ளக்குறிச்சிக்காரர். எந்த எம்.பி. வேண்டுமானாலும் உங்களுக்காகக் கேள்வி கேட்கலாம், சட்டப்படி தடை கிடையாது. ஆனால் மனுவில் இருக்கும் முகவரியைப் பார்த்ததும் "உங்க தொகுதி அங்கே வருதே" என்று திருப்பி அனுப்புவது எல்லா அலுவலகங்களிலும் வழக்கம். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொகுதி எல்லையே இல்லை என்பதால், இந்த மாதிரி விஷயத்துக்கு அவர்களில் ஒருவரையும் சேர்த்து அணுகுங்கள்.

எம்.எல்.ஏ. போதாது. வெளிநாட்டு உறவு ஒன்றியப் பட்டியலில் (மத்திய அரசுக்கு மட்டுமே உரிய அதிகாரங்களின் பட்டியலில்) இருப்பதால், சட்டமன்றத்தில் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் அங்கே இல்லை. சட்டமன்றத்தால் தீர்மானம் போட முடியும். 2013 மார்ச் 27 அன்று, இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். டெல்லியை அது கட்டுப்படுத்தாது.

அந்த "நட்பு நாடு" விவகாரம் உங்கள் கேள்விக்கும் தேவைப்படும். நட்பு நாடு ஒன்றை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்வியை மக்களவை விதிகள் அனுமதிப்பதில்லை. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் கேள்விக்குள் வரக் கூடாது. அரசின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. இந்திய அரசின் பொறுப்பில் முதன்மையாக வராத விஷயமாகவும் இருக்கக் கூடாது. சாதாரணமாக 150 சொற்களுக்குள் முடிந்துவிட வேண்டும். மனித உரிமை பற்றி உணர்ச்சியோடு எழுதித் தரப்படும் கேள்விகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன. "இலங்கையில் இத்தனை கொடுமை நடந்தும் அரசு ஏன் கண்டிக்கவில்லை?" என்று எழுதிக் கொடுத்தால் அது கேள்விப் பட்டியலுக்கே வராது. வந்தாலும் உங்களுக்குக் கிடைக்கப் போவது நான்கு சொற்கள்: சமத்துவம், நீதி, அமைதி, கண்ணியம். தமிழர்களின் இந்த எதிர்பார்ப்புகளை நிறைவேற்றும்படியும், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் இலங்கை அரசியலமைப்பின் 13வது திருத்தத்தை முழுமையாகச் செயல்படுத்தும்படியும் இலங்கையை இந்தியா வலியுறுத்தி வருகிறது என்று பதில் முடிந்துவிடும். ஆட்சி மாறினாலும் அந்தப் பத்தி அதிகம் மாறுவதில்லை.

அதனால் இலங்கை என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு, இந்தியா என்ன செய்தது என்று கேளுங்கள். தேதியும் எண்ணிக்கையும் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி கேளுங்கள். இப்படி எழுதலாம்:

(அ) இலங்கையில் காணாமல் போனோர் பற்றி 2022 முதல் இலங்கை அரசிடம் இந்தியா பேசியதா; பேசியிருந்தால் எந்தெந்தச் சந்திப்பில், எந்தத் தேதியில்;
(ஆ) அதற்கு இலங்கை அரசு அளித்த பதில் என்ன;
(இ) காணாமல் போனவர்களின் உறவினர்களாக இந்தியாவில் வசிப்பவர்களிடமிருந்து அமைச்சகத்துக்கு வந்த மனுக்கள் எத்தனை, ஆண்டுவாரியாக;
(ஈ) அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?

இதில் உயிர்நாடி (இ)தான். காணாமல் போனவர் இலங்கைக் குடிமகன் என்பதால் விவகாரம் அந்த நாட்டுடையது என்று தள்ளிவிடலாம். மனு கொடுத்தவர் ஏற்காட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவரைத் தள்ள முடியாது. ஆனால் நீங்கள் முதலில் மனு போட்டிருந்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் "எதுவும் வரவில்லை" என்று அமைச்சர் உண்மையையே சொல்லிவிட்டுப் போய்விடுவார், (ஈ)க்கு "கேள்வி எழவில்லை" என்று ஒரே வரி. எனவே முதல் வேலையாக, அண்ணியின் கையெழுத்தில் புதுடெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் இந்தியப் பெருங்கடல் பிராந்தியப் பிரிவுக்கு (இலங்கையைக் கவனிப்பது அதுதான்) ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் மனு அனுப்புங்கள். உங்களுக்குத் தெரிந்த வேறு குடும்பங்கள் இருந்தால் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள். நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனு, கணக்கில் ஒரு மனுதான்.

அப்புறம் நட்சத்திரக் கேள்வியா, குறியிடாத கேள்வியா என்று எம்.பி.யின் உதவியாளர் கேட்பார். நட்சத்திரம் என்றால் அவையில் வாய்மொழி பதில், துணைக்கேள்வி கேட்கவும் வாய்ப்பு. கேட்க நன்றாக இருக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில். ஒரு மணி நேரத்தில் முதல் நாலைந்துதான் அவையில் பேசப்படும். குறியிடாத கேள்விக்கு 230 இடம் உண்டு, பதில் எழுத்தில் வரும். உங்கள் விஷயத்துக்குக் குறியிடாத கேள்வியே மேல் என்பேன். எண்ணிக்கையும் தேதியும் எழுத்தில்தான் வேண்டும். அவையில் எழும் சத்தத்தில் அது கரைந்துவிடும். துணைக்கேள்வி எப்போது பயன்படும் என்றால், கொள்கையைக் கிளறும்போது. ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 2012லும் 2013லும் ஆதரவாக வாக்களித்த இந்தியா, 2014, 2021, 2022 ஆண்டுகளில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஏன் என்று அமைச்சரை நேருக்கு நேர் கேட்பதில் பொருள் இருக்கிறது. நேரமில்லா நேரத்தில் (ஜீரோ ஹவர்) பேச வைப்பது செய்திக்கு உதவும், ஆனால் அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்ல.

கேள்வி நோட்டீஸுக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் வேண்டும். சமீப ஆண்டுகளில் வெளியுறவுத் துறை பதில் சொல்லும் நாள் மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் வியாழக்கிழமை. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு போனால் பாதித் தொடர் போய்விடும். நோட்டீஸ் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், எனவே தமிழ் வரைவோடு ஆங்கில வரைவையும் கொண்டு போங்கள். மொழிபெயர்க்கும் வேலை மிச்சமானால் உங்கள் தாள் மேலே வரும்.

அண்ணியின் குடியுரிமை, முகாம் பதிவு பற்றி ஒரு வரி கூட இதில் சேர்க்காதீர்கள். அது உள்துறை அமைச்சகத்தின் வேலை. இரண்டையும் கலந்தால் இரண்டு அமைச்சகமும் மற்றதைக் கை காட்டும்.

பதில் வந்ததும் நாடாளுமன்ற இணையதளத்திலும் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, உட்பிரிவுகளுக்குத் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா என்பதை. "(அ) முதல் (ஈ) வரை" என்று சேர்த்து ஒரே பத்தியாக இருந்தால், எண்ணிக்கை கேட்ட இடம் அதற்குள் புதைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அடுத்த தொடரில் பழைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, விடுபட்ட அந்த ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். "தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அது நல்ல செய்தி. அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கும்.

இத்தனையும் செய்தாலும் அந்தத் தம்பி எங்கே என்பதற்கு அமைச்சரின் பதிலில் விடை இருக்காது. அதற்குத் தனி வழி வேண்டும். இலங்கையில் 2016 சட்டப்படி அமைக்கப்பட்ட காணாமல் போனோர் அலுவலகத்தில் உறவினர் புகார் பதியலாம். ஜெனிவாவில் ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய பணிக்குழு 1980 முதல் இயங்குகிறது. குடும்பத்தினரின் புகாரை அது எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அரசிடம் விளக்கம் கேட்கும். முழுப்பெயர், கடைசியாகப் பார்த்த தேதி, இடம், யார் பிடித்துச் சென்றதாகச் சொல்கிறார்கள், இதுவரை யாரிடமெல்லாம் புகார் கொடுத்தீர்கள் என்பதையெல்லாம் அண்ணியிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே தாள்தான் டெல்லி மனுவுக்கும் அடிப்படை. கள்ளக்குறிச்சி எம்.பி. அலுவலகத்துக்குப் போகும்போது அதில் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிவிட்டு வாருங்கள்.