தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தை எப்படிக் கண்டுகொள்வது?

கேள்வி: தினமும் வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வழியாகத் துரைப்பாக்கத்துக்கு 125 சிசி பைக்கில் வேலைக்குச் செல்கிறேன். சென்ற மழையில், தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி விழுந்துவிட்டேன். வேகம் 40-க்கு மேல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: பள்ளம் தெரியாவிட்டாலும், அதைச் சுற்றி நடப்பவை தெரியும். உங்களுக்கு முன்னால் செல்லும் ஆட்டோ காரணமின்றி வலப்புறம் ஒதுங்கினாலோ, காரின் பின்விளக்கு ஒரு பக்கமாகத் தாழ்ந்து எழுந்தாலோ, அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீர் ஓரிடத்தில் மட்டும் சுழித்தால் அதன் கீழே வடிகால் திறந்திருக்கலாம். கொப்பளித்தால், பாதாளச் சாக்கடையின் மூடி நகர்ந்திருக்கலாம். நடுச்சாலையில் ஒரு மரக்கிளையோ உடைந்த நாற்காலியோ நட்டு வைக்கப்பட்டிருந்தால், அதை வைத்தவர் அந்தத் தெருக்காரர், அவருக்குக் குழியின் ஆழம் தெரியும். நம் ஊரில் அதைவிட நம்பகமான எச்சரிக்கைப் பலகையை நான் பார்த்ததில்லை.

இவற்றைக் கவனிக்க இடைவெளி வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தை உணர்ந்து பிரேக் பிடிக்க ஒன்றரை விநாடி என்று கொண்டால், பிரேக் பிடிப்பதற்குள்ளேயே 16 மீட்டருக்கு மேல் கடந்திருப்பீர்கள். வண்டி நிற்க, உலர்ந்த சாலையிலேயே மேலும் ஏறத்தாழ 10 மீட்டர் ஆகும், ஈரத்தில் இன்னும் கூடும். காருக்கு நேர் பின்னால், அதன் நடுக்கோட்டில் ஓட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. காரின் இரு சக்கரங்களுக்கும் நடுவே நழுவிப்போகும் குழி, அது கடந்த மறுகணம் உங்கள் முன்சக்கரத்துக்கு நேரே வந்து நிற்கும். ஆகவே காரின் ஏதாவது ஒரு பக்கச் சக்கரம் ஓடிய தடத்தில், தள்ளியே வாருங்கள். அந்தச் சக்கரம் குழியில் இறங்கினால் உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். தண்ணீர் தேங்கிய இடத்தில் இது இன்னும் முக்கியம்.

மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில், தோண்டிய இடத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். நனைந்த தகட்டில் டயருக்குப் பிடிப்பு மிகக் குறைவு. வெள்ளைக் கோடுகளும் ஈரத்தில் அப்படித்தான். 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது சிபிஎஸ் என்னும் இணைப்பு பிரேக். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். ஆனால் ஏபிஎஸ்ஸைப் போலச் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. தகட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கும் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து மிகவும் வழுக்கும் என்பதால், தூறல் தானே என்று எண்ணாதீர்கள்.

உங்கள் வழித்தடத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். காலையில் கிழக்கு நோக்கிச் செல்கிறீர்கள், மாலையில் மேற்கு நோக்கித் திரும்புகிறீர்கள். இரு வேளையும் சூரியன் உங்கள் கண்ணில்தான். வெயில் கூசும்போது சாலையின் நிழலும் குழியும் ஒன்றாகவே தோன்றும். மாறாக, விடுமுறை நாளில் காலையிலேயே மேற்கு நோக்கிச் செல்லும்போது உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீண்டு விழுந்தால், எதிரே வருபவரின் கண்ணில் சூரியன் இருக்கிறது, அவருக்கு நீங்கள் சரியாகத் தெரியமாட்டீர்கள் என்று பொருள்.

நிற்கும் மாநகரப் பேருந்தைக் கடக்கும்போது அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். மறுபுறம் நகரும் கால்கள் தெரிந்தால், ஒருவர் பேருந்துக்கு முன்னால் குறுக்கே வரக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குழி தப்பாது என்றானால், கடைசி நொடியில் ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். குழியை நெருங்கும்வரை பிரேக் பிடியுங்கள். சக்கரம் இறங்குவதற்குச் சற்று முன் இரு பிரேக்குகளையும் விட்டுவிடுங்கள். பிடித்தபடியே இறங்கினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அதிர்ச்சியைத் தாங்க அதற்கு மிச்சம் இருக்காது. ஃபுட்ரெஸ்டில் சற்று எழுந்து, முழங்கையைத் தளர்த்திக்கொண்டால் வண்டி குதித்தாலும் நேராகவே போகும். முன்பு விழுந்த வண்டி என்பதால், முன்சக்கரத்தின் ரிம் வளைந்திருக்கிறதா, ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்பதை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.