மேசைக் கணினி ஆன் ஆகவில்லையா? கேள்வி பதில்

வணக்கம். 18 ஆண்டுகளாக மேசைக் கணினிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். "கணினி ஆன் ஆகவில்லை" என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன: பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லாதது ஒன்று, விசிறி சுற்றி உடனே நின்றுபோவது இன்னொன்று, எல்லாம் ஓடியும் திரை இருட்டாகவே இருப்பது மற்றொன்று. உங்களுடையது இவற்றில் எது என்று தெரிந்துகொள்ளும் முன் எந்தப் பாகத்தையும் விலை கொடுத்து வாங்காதீர்கள் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (கணக்காளர், மதுரை): ஐயா, நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கணினி, இன்று காலை பட்டனை அழுத்தியும் அசையவே இல்லை. கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை, பழுதாவது உண்டுதான். ஆனால் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல், வெறும் கண்ணால் பார்த்து அந்த முடிவுக்கு வந்துவிட முடியாது. சுவரிலிருந்து மதர்போர்டு வரை மின்சாரம் வரும் வழியிலேயே நாமும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவோம்.

முதலில் பிளக் பாயின்ட். டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். டெஸ்டர் ஃபேஸ் வருகிறதா என்பதை மட்டுமே காட்டும். நியூட்ரல் கம்பி கழன்றிருந்தாலும் அது எரியத்தான் செய்யும். ஆகவே அதே பாயின்ட்டில் ஒரு மேசை விசிறியைப் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ். இரண்டையும் விலக்கிவிட்டு, கணினியை நேராகச் சுவரில் செருகுங்கள். மானிட்டருக்கும் கணினிக்கும் பெரும்பாலும் ஒரே வகைப் பவர் கார்டுதான் என்பதால், இரண்டையும் மாற்றிப் போட்டால் கார்டில் பழுதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் இருக்கும் சிறு ஸ்விட்ச்சையும் பாருங்கள்: கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. வீடு பெருக்கும்போது கைபட்டு அது அணைந்துபோனதால் மட்டுமே பழுதுபார்க்க வந்த கணினிகள் என்னிடம் பல உண்டு.

அதுவரை எல்லாம் சரியென்றால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். கணினி அணைந்திருக்கும் நேரத்திலும், எஸ்.எம்.பி.எஸ். ஊதா நிறக் கம்பி வழியாக மதர்போர்டுக்கு 5 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். பவர் பட்டன் அழுத்தப்படுகிறதா என்று காத்திருக்கும் சுற்று அந்த மின்சாரத்தில்தான் இயங்குகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 24 ஊசி கனெக்டரை மதர்போர்டில் இருந்தபடியே விட்டுவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, அதன் கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை ஊதாக் கம்பியிலும் கனெக்டரின் முதுகுப்பக்கமாக நுழைத்துப் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிறது, கழற்றியதும் வந்துவிட்டால் அநேகமாக மதர்போர்டில் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

ஊதாவில் 5 வோல்ட் இருந்தால் அடுத்தது பச்சைக் கம்பி. சும்மா இருக்கும்போது அதில் சில வோல்ட் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு அதைப் பூஜ்ஜியத்துக்கு அருகே இழுத்துவிடும், அதுதான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு "புறப்படு" என்ற கட்டளை. அழுத்தியும் அது இறங்கவில்லை என்றால் குறை பட்டனிலா மதர்போர்டிலா என்று பிரித்தறிய வேண்டும். மதர்போர்டின் ஓரத்தில் பவர் பட்டனின் கம்பி செருகப்பட்டிருக்கும் இரண்டு ஊசிகளைக் கையேட்டைப் பார்த்து அடையாளம் கண்டு, கம்பியை உருவிவிட்டு, திருப்புளியின் முனையால் அந்த இரண்டு ஊசிகளையும் சேர்த்து ஒரு நொடி மட்டும் தொடுங்கள். என்ன நடந்தது என்பதையும், நீங்கள் எடுத்த அளவுகளையும் எழுதுங்கள். மதர்போர்டைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.

கேள்வி (கோலாலம்பூர்): எனக்கும் இதே நிலைதான். இங்கே தனியாகப் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பயன்படுத்தும் சதுர ஊசிப் பிளக்கின் உள்ளேயே ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்துப் பார்த்தேன். விசிறி சுற்றுகிறது. அப்படியென்றால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. விசிறிக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. அதைச் சுற்றவைக்கும் எஸ்.எம்.பி.எஸ்., கணக்கிடும் சிப்பான பிராசஸரும் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும்போது தளர்ந்துபோகக்கூடும். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரையும் வருகிறதா என்று அளந்து பாருங்கள். கணினியோடு இணைத்து அளப்பது இன்னும் நம்பகமானது. சாம்பல் நிறக் கம்பியில், புறப்பட்ட அரை நொடிக்குள் 5 வோல்ட்டை ஒட்டிய அளவு வர வேண்டும், ஏனென்றால் "எல்லா அளவும் சீராகிவிட்டது" என்ற அந்தச் செய்தி கிடைக்கும்வரை மதர்போர்டு பிராசஸரை ஓடவிடாது. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: சில புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் சூடேறும்வரை விசிறி சுற்றவே சுற்றாது, அதனால் நல்ல பொருளைப் பழுதென்று ஒதுக்கிவிடுவார்கள்.

எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வரும் வகையில் நிறத்தை நம்ப முடியாது. 9ஆம் ஊசி ஊதாவுக்கும் 16ஆம் ஊசி பச்சைக்கும் உரியவை. டெல், எச்.பி., லெனோவோ ஆகியவற்றின் சில மாடல்களில் 24 ஊசி கனெக்டருக்குப் பதிலாகத் தனி வகை கனெக்டர் இருக்கும் என்பதால், அவற்றில் இந்தச் சோதனையை அப்படியே செய்துவிட வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்): நானே பாகங்களை வாங்கிப் பூட்டிய முதல் கணினி, சார். பட்டனை அழுத்தினால் விசிறிகள் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகின்றன. எதையாவது எரித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. முதல் முறை பூட்டுகிறவர்களுக்கு இது சாதாரணமாக நேர்வதுதான். ஷார்ட் இருப்பதை உணர்ந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்றால், அதன் பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறது என்றே பொருள்.

மதர்போர்டுக்கும் பெட்டியின் தகட்டுக்கும் இடையே பித்தளைத் தாங்கிகள் இருக்கும். மதர்போர்டில் திருகு துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி தவறுதலாக நின்றால், அது அடிப்பக்கத்துச் சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். இதை ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் (நினைவகப் பலகை) ஆகியவற்றை மட்டும் வைத்து இயக்கிப் பார்ப்பது நல்லது. வெளியே ஓடி, பெட்டிக்குள் ஓடவில்லை என்றால் குறை தாங்கியில் இருக்கிறது, அல்லது முகப்பிலிருந்து வரும் யு.எஸ்.பி. கம்பியில் இருக்கிறது. வெளியேயும் ஓடாவிட்டால், பிராசஸருக்கு அருகே தனியாகச் செருக வேண்டிய 8 ஊசி கனெக்டரைப் பாருங்கள். 24 ஊசியைச் செருகிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 ஊசி கனெக்டர் பார்வைக்கு இதைப்போலவே இருந்தாலும் மின்முனைகள் தலைகீழாக இருக்கும் என்பதால், அதை இங்கே பலவந்தமாக நுழைக்கக் கூடாது.

ராம் டி.டி.ஆர்.5 வகையாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை இயக்கும்போது மதர்போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், அதுவரை திரையில் எதுவும் வராது. பொறுமையிழந்து பாதியில் அணைத்தால் எல்லாம் மறுபடி தொடங்கும்.

கேள்வி (திருச்சி): விசிறி, விளக்கு எல்லாம் சரி. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை.

பதில்: தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கம்பியை அதில் செருகுங்கள், மதர்போர்டின் துளையில் அல்ல. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டின் துளையில் படமே வராது. அது சரியாக இருந்தால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, இருபுறமும் "டக்" என்று பூட்டும்வரை அழுத்துங்கள். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இது ஒன்றே பாதிக் கணினிகளை மீட்டுவிடும் என்பது என் அனுபவம்.

கேள்வி (அச்சகம் நடத்துபவர், தூத்துக்குடி): எங்கள் கணினி காலையில் 10 முறை அழுத்தினால்தான் கிளம்புகிறது. ஒரு முறை கிளம்பிவிட்டால் இரவு வரை தடையின்றி ஓடுகிறது. இரவில் சுவர் ஸ்விட்ச்சை அணைக்காமல் விட்டால் காலையில் உடனே வந்துவிடுகிறது. இது ஏன்?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. மேலே சொன்ன ஊதாக் கம்பியின் 5 வோல்ட்டைத் தரும் சுற்றில், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு கப்பாசிட்டர்கள், ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்து காய்ந்து வலுவிழந்துவிட்டன. குளிர்ந்த நிலையில் அவற்றால் சீரான மின்சாரத்தைத் தர முடிவதில்லை. இரவு முழுவதும் மின்சாரத்தில் இருந்தால் லேசான வெப்பத்தில் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. அடுத்த முறை கிளம்ப மறுக்கும் வேளையிலேயே ஊதாவை அளந்து பாருங்கள், ஏனென்றால் கிளம்பிய பிறகு அளந்தால் குறை தெரியாமல் போகலாம். 4.75க்குக் கீழே இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடுங்கள். அளவு சரியாக இருந்தால், மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் ஸ்விட்ச்சை இரவெல்லாம் போட்டுவைத்தே நாட்களைக் கடத்தாதீர்கள். அச்சுக்குப் போக வேண்டிய கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வையுங்கள்.

கேள்வி (சேலம்): பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சிவப்பு நிற ஸ்விட்ச் 115 என்ற பக்கம் தள்ளப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் மின்சாரம் கொடுத்துவிட்டேன். "டப்" என்ற சத்தமும் புகையும் வந்தன. திறந்து ஃபியூஸ் மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து திறக்காதீர்கள். 230 வோல்ட் வீட்டில் அந்த ஸ்விட்ச்சை 115இல் வைத்தால் உள்ளே மின்னழுத்தம் இரட்டிப்பாகி, ஃபியூஸ் மட்டுமின்றிப் பிற பாகங்களும் வெடித்திருக்கும். இயல்பான நிலையிலேயே அதன் பெரிய கப்பாசிட்டர்களில் 325 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கிறது. பழுதான சுற்றில் அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வெகுநேரம் வடியாமல் இருக்கக்கூடும். பயிற்சியில்லாத கைக்கு அது உயிராபத்து. புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இணைத்துப் பாருங்கள். மதர்போர்டு தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி (விழுப்புரம்): மதர்போர்டில் உள்ள சிறு வட்ட பேட்டரி தீர்ந்தால் கணினி கிளம்பாதா?

பதில்: பெரும்பாலும் கிளம்பும், தேதியும் நேரமும்தான் பின்னுக்குப் போய்விடும். சில மதர்போர்டுகள் மட்டும் அடம்பிடிப்பதுண்டு. சி.ஆர்.2032 விலை குறைந்த பொருள்தான், 3 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (மதுரைக் கணக்காளர், மீண்டும்): ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ஊதாவில் 5.06. பட்டனை அழுத்தியபோது பச்சை இறங்கவே இல்லை. திருப்புளியால் தொட்டதும் கணினி கிளம்பிவிட்டது! இப்போது உங்களுக்கு அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

பதில்: மிக்க மகிழ்ச்சி. மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நலம், கேபினெட்டின் முகப்பில் இருக்கும் பட்டன்தான் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் திருப்புளியோடு உட்கார வேண்டாம். ரீசெட் பட்டனிலிருந்து வரும் இரட்டைக் கம்பியை உருவி, பவர் பட்டனின் கம்பி இருந்த அதே இரண்டு ஊசிகளில் செருகிவிடுங்கள். இதில் எந்தப் பக்கமாகச் செருகினாலும் தவறில்லை. இனி ரீசெட் பட்டனை அழுத்தினால் கணினி கிளம்பும். புதிய பட்டன் வாங்கும்வரை, வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்படி அதன் மேல் ஒரு சிறு சீட்டு ஒட்டிவையுங்கள்.