பரணில் கிடக்கும் பலகையை இறக்குங்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. டீச்சர்கள் எல்லோரும் இவன் அசாத்திய கெட்டிக்காரன் என்கிறார்கள். ரூபிக்ஸ் கியூபை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறான். அபாகஸ் போகிறான், செஸ் கிளாஸும் போகிறான். வீட்டில் அவன் அப்பாவைத் தினமும் ஜெயிக்கிறான் (அவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆடுவார்). முன்பு என் மாமியாரோடு பல்லாங்குழி ஆடுவான். அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார், இவன் தோற்றுவிட்டு அழுவான். அதனால் பலகையைப் பரணில் போட்டுவிட்டேன். இவன் மூளைக்குச் சவாலான விளையாட்டுகள் என்ன வாங்கலாம்? 5,000 ரூபாய் வரை செலவு செய்யத் தயார்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பிள்ளை கெட்டிக்காரன், என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. பெட்டி பெட்டியாக விளையாட்டுகளின் பெயரை எழுதி அனுப்பியும் இருக்கிறேன். உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. அந்தப் பலகையைப் பற்றிய வரியை இரண்டு தடவை படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

உங்கள் வீட்டில் அந்தப் பையனை உண்மையாகவே தோற்கடிக்கிற ஆள் ஒருவர்தான். அவரை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டு, சவாலான விளையாட்டு எங்கே கிடைக்கும் என்று கடிதம் போடுகிறீர்கள்.

பல்லாங்குழியைப் பொழுது போகாத பாட்டிகளின் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டீர்களோ? அதில் தாயக்கட்டை கிடையாது, மறைத்து வைத்த சீட்டு கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே இடமே இல்லை. 14 குழி, குழிக்கு 5 சோழி, ஆக 70. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதை வழித்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு முறை இது. புதிய ஆட்டத்தில் முதல் ஆள் எந்தக் குழியில் தொடங்கினாலும் 5 முறை அள்ளி, 27 சோழியைப் போட்ட பிறகுதான் வெறுங்குழி வரும். கையில் சேர்வது 7. பலகையைத் தொடாமல், வெறும் கண்ணால் பார்த்து இந்த 7-ஐ உங்கள் மகனால் சொல்ல முடியுமா, கேட்டுப் பாருங்கள். இது முதல் கை மட்டும்தான். அதற்குப் பிறகு ஒரு குழியில் 8, ஒன்றில் 1, ஒன்றில் எதுவுமே இல்லை என்று பலகை கலைந்துவிடும். எங்கள் அப்பத்தா விரலை வைத்து எண்ண விடமாட்டார். பலகை மேல் ஒரு பார்வையை ஓட்டிவிட்டு, இரண்டே சோழி கிடக்கும் குழியை அள்ளுவார். அது சுற்றிச் சுற்றி வந்து, என் பக்கத்தில் நான் சேர்த்து வைத்ததில் போய் நிற்கும். உங்கள் மாமியாரும் அதைத்தான் செய்திருப்பார்.

கியூபை ஒரு நிமிடத்தில் முடிப்பது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடியோவைப் பார்த்து மனப்பாடம் செய்த திருப்பல்கள் என்றால், விரல் வேகமாகிறது, அவ்வளவுதான்.

சரி, அப்பாவிடம் வருகிறேன். நாலு நகர்த்தலை முன்கூட்டியே பார்க்கிற பையனுக்கு, அப்பா தன் ராணியைச் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் கொண்டுவந்து வைப்பது புரியாமலா இருக்கும்? அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஜெயித்த மாதிரி கைதட்டுகிறான், நீங்களும் தட்டுகிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இதைவிட மோசமான பாடம் வேறு என்ன இருக்கிறது? தான் தோற்றால் வீடே தாங்காது என்று 8 வயதில் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். பேரனிடம் விட்டுக்கொடுக்காத பாட்டிதான் அவனை உங்கள் எல்லோரையும்விட மதிக்கிறார்.

விஸ்வநாதன் ஆனந்துக்கு 6 வயதில் செஸ் சொல்லிக் கொடுத்தது அவருடைய அம்மா என்று எல்லா அம்மாக்களும் எனக்கு எழுதுகிறார்கள். அதே ஆனந்த் 2013 நவம்பரில், தான் வளர்ந்த சென்னையில், ஊரே பார்க்க நார்வேக்காரர் மேக்னஸ் கார்ல்சனிடம் உலக சாம்பியன் பட்டத்தை இழந்தார். 10 ஆட்டத்தில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அடுத்த மார்ச்சில், உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலாவதாக வந்து மறுபடியும் சவால்விட்டார். 2017-இல், 48 வயதில், ரேபிட் என்கிற வேக செஸ்ஸில் உலக சாம்பியன். யாரும் அவருக்காகப் பலகையைப் பரணில் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகை போன பிறகு உங்கள் மாமியார் சாயங்காலங்களில் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பெரியவர்களுக்கு மூன்று வேளை சோறும் மாத்திரையும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவர்கள் கையில் வீட்டுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கும், அதை வாங்கிக்கொள்ள நாம் இருக்க வேண்டும். அவர் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை நீங்கள் பாதியில் பிடுங்கிவிட்டீர்கள்.

பணம் செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரையச் சொல்லுங்கள். 3 புலி, 15 ஆடு. அவன் ஆட்டுப் பக்கம் இருக்கட்டும், ஆட்டால் வெட்ட முடியாது, கூடி நின்று மறிக்கத்தான் முடியும். அப்புறம் 3 தட்டு, சின்னதும் பெரிதுமாக 5 நாணயம். ஒரு தட்டில் அடுக்கியிருப்பதை, ஒரு நேரத்தில் ஒன்றாக, சின்னதின் மேல் பெரியது ஏறாமல் இன்னொரு தட்டுக்கு மாற்ற வேண்டும். 3 நாணயத்துக்குக் குறைந்தது 7 முறை, 5 நாணயத்துக்கு 31. ஏன் 31 என்று அவனாகக் கண்டுபிடிக்கட்டும். ஒரு வாரம் ஆனாலும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். செஸ்ஸில் கிளாஸிலேயே அவனைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடும் பிள்ளையோடு ஆடவிடச் சொல்லுங்கள். தோற்ற ஆட்டத்தை எழுதி வைத்து, ஜெயித்தவனோடு உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். உங்கள் கணவருக்கும் சொல்லிவிடுங்கள்: முழுசாக ஆட முடிந்தால் ஆடட்டும், முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.

இதெல்லாம் நாளைக்கு. இன்று சாயங்காலம் பலகையை இறக்குங்கள். குழிகளை ஈரத்துணியால் துடைத்து, சோழி குறைந்திருந்தால் புளியங்கொட்டை போட்டு, நீங்களே உங்கள் அத்தை கையில் கொடுங்கள். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், மகன் காதிலும் அது விழட்டும். அவன் தோற்பான், அழுவான். அழுகை நின்று, அடுத்த ஆட்டத்துக்குச் சோழி விழும் சத்தம் கேட்கிறவரை நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.